கைமாற்றும் வயதும்: ஹோவி ரோஸ்மேனை எதை வைத்து அளப்பது?

உங்கள் கேள்வி இது: "ஈகிள்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் ஹோவி ரோஸ்மேனை எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அவர் செய்வதெல்லாம் இந்த வருடச் சம்பளத்தை வரப்போகும் வருடங்களின் தலையில் கட்டுவதுதானே? இந்தக் கடன் ஒருநாள் கழுத்தைப் பிடிக்காதா?" இதில் இரண்டு கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. சம்பளக் கணக்கைத் தள்ளிப்போடுவது நல்லதா கெட்டதா என்பது ஒன்று. ஒரு ஜெனரல் மேனேஜர், அதாவது அணிக்கு வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போடுகிறவர், கெட்டிக்காரரா, இல்லை அவருக்கு அதிர்ஷ்டம் அடித்ததா என்பதை வெளியில் இருக்கிற நாம் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இன்னொன்று. முதலாவதற்குத் தெளிவான பதில் உண்டு. இரண்டாவதற்குப் பாதி பதில்தான் உண்டு, அந்தப் பாதியை ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் 19 வருடமாகக் கட்டுமான ஒப்பந்தங்களுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் பார்க்கிறவன். வீடு நியூ ஜெர்சியில் செர்ரி ஹில். ஆற்றைத் தாண்டினால் ஈகிள்ஸின் ஊரான ஃபிலடெல்ஃபியா. வந்த புதிதில் அமெரிக்கன் ஃபுட்பால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர், "இந்த ஆளை நீக்கி ஒரு வருடமாகிறது, இன்னும் அவர் பெயரில் கணக்கு ஓடுகிறது" என்று அலுத்துக்கொண்டார். ஆள் போன பிறகும் எதற்குச் செலவு எழுதுகிறார்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கம், நான் அலுவலகத்தில் தினமும் பார்க்கிற விஷயமாக இருந்தது. இயந்திரத்தை இன்றைக்கே முழுப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, செலவை ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதுவோமே, அதேதான். அன்றிலிருந்து ஒவ்வொரு மார்ச் மாதமும் வீரர்களின் ஒப்பந்தங்களை ஒரு எக்செல் ஷீட்டில் ஏற்றுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நான் எந்த அணியின் அலுவலகத்திலும் வேலை பார்த்தவனில்லை. பொதுவெளியில் கிடைக்கும் ஒப்பந்த விவரங்களை மட்டும் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கன் ஃபுட்பாலின் என்எஃப்எல் லீக்கில் ஓர் அணி வீரர்களுக்காக ஒரு வருடத்தில் எவ்வளவு கணக்கு எழுதலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இதைத்தான் சேலரி கேப் என்கிறார்கள். 1994-இல் இது வந்தபோது ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர். 2025-இல் 27.92 கோடி டாலர். அபராதம் கட்டிவிட்டு வரம்பைத் தாண்டுகிற வசதி இதில் கிடையாது. ஐபிஎல் அணியின் பர்ஸைப் போன்றதுதான் என்று தோன்றும். ஆனால் ஐபிஎல்லில் அந்தந்த வருடச் சம்பளம் அந்தந்த வருடக் கணக்கு. இங்கே போனஸ் என்று பெயர் வைத்துக் கொடுக்கும் பணத்தை மட்டும் ஐந்து வருடம் வரை சமமாகப் பிரித்து எழுதலாம். பணம் இன்றைக்கே வீரரின் கைக்குப் போய்விடும், கணக்குதான் மெதுவாகப் போகும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு வீரருக்கு இந்த வருடம் 2 கோடி டாலர் கொடுக்க வேண்டும். அப்படியே சம்பளமாகக் கொடுத்தால் கேப் கணக்கில் 2 கோடி முழுதாக விழும். அதையே, விதிப்படி கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சச் சம்பளமாக 12 லட்சத்தை வைத்துக்கொண்டு, மீதி 1.88 கோடியை சைனிங் போனஸ் என்று எழுதினால், வருடத்துக்கு 37.6 லட்சம் வீதம் ஐந்து வருடத்தில் பிரியும். இந்த வருடக் கணக்கில் விழுவது 50 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. 1.5 கோடி டாலருக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்த வீரருக்கு ஐந்து வருட ஒப்பந்தமே இல்லையென்றால்? இரண்டு வருட ஒப்பந்தத்தின் பின்னால் மூன்று பொய் வருடங்களை ஒட்டிக்கொள்ளலாம். அவற்றுக்குப் பெயர் வாய்ட் இயர். அந்த வருடங்களில் அவர் ஆடப்போவதில்லை என்பது கையெழுத்துப் போடும்போதே இரண்டு தரப்புக்கும் தெரியும். ஒப்பந்தம் தானாகக் காலாவதியாகும் அன்று, எழுதாமல் விட்ட பாக்கி மொத்தமும் ஒரே வருடத்தில் வந்து விழும். அதுதான் டெட் மணி. அணியில் இல்லாத ஆளின் பெயரில் நிற்கும் கணக்கு.

இப்போது உங்கள் "கடன்" என்ற சொல்லுக்கு வருகிறேன். கிரெடிட் கார்டு என்று பலரும் இதைச் சொல்வதை நான் ஏற்கவில்லை. கிரெடிட் கார்டில் வட்டி உண்டு. இதில் ஒரு காசு வட்டி கிடையாது. நம் ஊரில் தெரிந்தவர்களிடம் வாங்குகிற கைமாற்று மாதிரி, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் போதும். அது மட்டுமில்லை, கொடுக்கும் நாளில் அந்தத் தொகையின் எடை குறைந்திருக்கும். 2021-இல் கேப் 18.25 கோடி. 2025-இல் 27.92 கோடி. நான்கு வருடத்தில் பாதிக்கும் மேல் கூடியிருக்கிறது. 2021-இல் தள்ளிவிட்ட ஒரு கோடி டாலர் அன்றைய வரம்பில் ஐந்தரை விழுக்காடு, 2025-இல் அதே ஒரு கோடி மூன்றரை விழுக்காடுதான். வட்டியில்லாமல் கிடைக்கிற, தானே இளைத்துப்போகிற கைமாற்றை வேண்டாம் என்று சொல்வதில் ஒரு கணக்காளனாக எனக்கு எந்தப் புத்திசாலித்தனமும் தெரியவில்லை. ஆக, தள்ளிப்போடுவது தன்னளவில் தப்பா என்று கேட்டால், இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் அதே கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வாழ்ந்தார், இன்னொருவர் தவித்தார் என்பதும் உண்மை. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் மிக்கி லூமிஸ் 2002-இலிருந்து ஜெனரல் மேனேஜர். கணக்கைத் தள்ளிப்போடும் கலையில் அவரைத்தான் பல வருடம் எல்லாரும் முன்னோடி என்றார்கள். 2017 முதல் 2020 வரை நான்கு வருடம் தொடர்ந்து தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். 2021 மார்ச்சில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கான ட்ரூ ப்ரீஸ் 42 வயதில் ஓய்வு பெற்றார். அந்த வருடம் செயின்ட்ஸ் வரம்புக்கு ஏறத்தாழ 10 கோடி டாலர் மேலே நின்றார்கள். அதையும் சமாளித்தார்கள், தள்ளினார்கள், மறுபடியும் தள்ளினார்கள். 2021 முதல் 2024 வரை நான்கு சீசனில் ஒருமுறைகூட பிளேஆஃப் போகவில்லை. அதே கருவியைப் பயன்படுத்திய ஈகிள்ஸ் இதே நான்கு வருடமும் பிளேஆஃப் போனார்கள், லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை இரண்டு முறை ஆடினார்கள், ஒன்றை வென்றார்கள்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? என் ஷீட்டில் மூன்றாவது நெடுவரிசை, கையெழுத்துப் போட்ட அன்று வீரரின் வயது. முதல் சில வருடம் அந்த நெடுவரிசையே என்னிடம் இல்லை, தொகையை மட்டும்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதைச் சேர்த்த பிறகுதான் படம் தெளிவானது. ஈகிள்ஸ் பக்கம் பாருங்கள். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடது டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா, 2021-இல் கையெழுத்துப் போடும்போது 24 வயது. எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஏ.ஜே. பிரவுன், 2022-இல் 10 கோடி டாலருக்கு, 24. குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ், 2023-இல் ஐந்து வருடத்துக்கு 25.5 கோடி டாலர், 24. டெவான்டா ஸ்மித், லேண்டன் டிக்கர்சன் இருவரும் 2024-இல், 25. செயின்ட்ஸ் பக்கம் பாருங்கள். கேமரன் ஜோர்டன், டெமாரியோ டேவிஸ் இருவரும் 1989-இல் பிறந்தவர்கள். முப்பதைத் தாண்டிய பிறகும் அவர்களின் ஒப்பந்தங்கள் மறுபடி மறுபடி பிரித்து எழுதப்பட்டன. 2023-இல் டெரெக் கார் என்ற குவார்ட்டர்பேக்கை நான்கு வருடத்துக்கு 15 கோடி டாலர் பேசி எடுத்தபோது அவர் 32-ஐத் தொட்டுக்கொண்டிருந்தார். தோள்பட்டைக் காயத்தோடு 2025 மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டார்.

24 வயதுக்காரரின் பெயரில் வாங்கிய கைமாற்றைத் திருப்பும் வருடத்தில் அவர் 28 வயதில் இன்னும் ஆடிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் அதற்குள் அவரோடு இன்னொரு ஒப்பந்தமும் போட்டிருப்பார்கள், பாக்கி அதில் கரைந்துவிடும். 32 வயதுக்காரரின் பெயரில் வாங்கினால் திருப்பும் வருடத்தில் அவர் வீட்டில் இருப்பார். லூமிஸை முட்டாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நாற்பதைத் தாண்டிய ப்ரீஸை வைத்து இன்னொரு கோப்பை வெல்ல அவர் எடுத்த முடிவு அந்த நேரத்தில் நியாயமானது. ப்ரீஸ் போன பிறகும் நிறுத்தாமல் அதே வழியில் போனதைத்தான் நான் குறையாகப் பார்க்கிறேன்.

இன்னொரு நுணுக்கத்தையும் சொல்லவேண்டும். ஹர்ட்ஸின் ஒப்பந்தத்தைச் சராசரி பார்த்தால் வருடத்துக்கு 5.1 கோடி. ஆனால் 2024-இல் கேப் கணக்கில் விழுந்தது சுமார் 1.35 கோடிதான், வரம்பில் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல். சைனிங் போனஸ் மொத்தத்தையும் முதல் நாளே கொடுத்துவிடாமல், ஒவ்வொரு வருடமும் ஆப்ஷன் போனஸ் என்று தனித்தனியாகக் கொடுத்து, ஒவ்வொன்றையும் அந்தந்த வருடத்திலிருந்து தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். இதனால் ஒப்பந்தம் ஆரம்பித்தபோதே மொத்தப் பாரமும் ஏறுவதில்லை. அப்படி மிச்சமான இடத்தில்தான் அதே 2024-இல், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்கான சேகுவான் பார்க்லியை மூன்று வருடத்துக்கு 3.775 கோடி டாலருக்கு எடுத்தார்கள். அவர் அந்த சீசனில் 2,005 யார்டு ஓடினார்.

ஆனால் இதற்கெல்லாம் ரொக்கம் வேண்டும், அந்த ரொக்கம் ரோஸ்மேனுடையது கிடையாது. கணக்கை எத்தனை வருடம் தள்ளினாலும், போனஸ் காசோலையை முதலாளி இன்றைக்கே எழுத வேண்டும். எதிர்காலத்துக்கு உத்தரவாதம் கொடுத்த பணத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. 1994-இல் அணியை வாங்கிய ஜெஃப்ரி லூரி அந்தப் பணத்தைத் தயங்காமல் இறைக்கிறவர். கையை இறுக்கிப் பிடிக்கிற முதலாளியிடம் ரோஸ்மேன் இருந்திருந்தால் இந்த வழியே திறந்திருக்காது. ஆகவே "ரோஸ்மேனின் கேப் திறமை" என்று நாம் சொல்வதில் ஒரு கணிசமான பங்கு லூரியின் பணப்பெட்டி. அந்தப் பங்கு எத்தனை விழுக்காடு என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை.

சரி, ஆளைப் பற்றிப் பேசுவோம். ரோஸ்மேன் களத்தில் ஆடி வந்தவரோ பயிற்சியாளராக இருந்து வந்தவரோ இல்லை. சட்டம் படித்தவர். 2000-இல் ஈகிள்ஸில் சேர்ந்தபோது அவர் பார்த்தது கேப் கணக்கு வேலை. 2010-இல் ஜெனரல் மேனேஜர் ஆனார். 2015-இல் அணி நிர்வாகம் பயிற்சியாளர் சிப் கெல்லியின் கைக்குப் போக, ரோஸ்மேனை ஓரமாக உட்கார வைத்தார்கள். கெல்லியை அந்த டிசம்பரிலேயே நீக்கிய பிறகு 2016-இல் திரும்பி வந்தார். அவர் தப்பே செய்யாதவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2011-இல் பெரிய பெயர்களை வாரிக் குவித்த அணி 8 வெற்றி 8 தோல்வியோடு நின்றது, அடுத்த வருடம் 4 வெற்றி 12 தோல்வி. அதே 2011-இல் டிராஃப்ட்டின், அதாவது அணிகள் முறைபோட்டுப் புது வீரர்களை எடுக்கும் வருடாந்தரத் தேர்வின், முதல் சுற்றில் எடுத்த டேனி வாட்கின்ஸ் நிலைக்கவில்லை. 2019-இல் இரண்டாம் சுற்றில் ஜே.ஜே. ஆர்செகா-ஒயிட்சைடை எடுத்தார்கள், ஏழு இடம் தள்ளி, பின்னாளில் நட்சத்திரமான டி.கே. மெட்காஃப் போனார். 2020-இல் 21-ஆவது இடத்தில் ஜேலன் ரேகரை எடுத்தார்கள், அடுத்த இடத்திலேயே, அவரைப் போலவே நட்சத்திரமான ஜஸ்டின் ஜெஃபர்சன் மின்னசோட்டாவுக்குப் போனார். இந்த ஊரில் இன்றைக்கும் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்தால் அந்த ரேகர் பேச்சு வரும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு கார்சன் வென்ட்ஸ். 2016 டிராஃப்ட்டில், தேர்வுகளை வேறு அணியோடு மாற்றிக்கொண்டு இரண்டாம் இடத்துக்கு ஏறிப்போய் எடுத்த குவார்ட்டர்பேக். 2019 ஜூனில் அவருக்கு நான்கு வருடத்துக்கு 12.8 கோடி டாலர் நீட்டிப்பு. அடுத்த வருடமே ஆட்டம் சரிந்து, டிசம்பரில் உட்கார வைக்கப்பட்டார். அணி 4 வெற்றி 11 தோல்வி ஒரு டிரா. 2021-இல் அவரை இண்டியானாபொலிஸுக்கு அனுப்பியபோது ஈகிள்ஸ் கணக்கில் விழுந்த டெட் மணி 3.38 கோடி டாலர், அதுவரை லீக்கில் எந்த ஒரு வீரருக்கும் இவ்வளவு விழுந்ததில்லை. அந்த வருட வரம்பு 18.25 கோடிதான் என்பதை நினைவில் வையுங்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு, அதுவும் வேறு ஊரில் ஆடுகிற ஆளின் பெயரில். அந்த எண்ணை ஷீட்டில் அடித்துவிட்டு, தவறாக அடித்துவிட்டேனோ என்று மறுபடி சரிபார்த்தது ஞாபகம் இருக்கிறது.

அந்த ஒரு எண் எங்கே போய் முடிந்தது என்று தொடர்ந்து போனால், ரோஸ்மேனைப் பற்றி வேறெந்தப் புள்ளிவிவரமும் சொல்லாத விஷயம் புலப்படும். வென்ட்ஸுக்குப் பதிலாக இண்டியானாபொலிஸ் கொடுத்தவற்றில் ஒன்று 2022-இன் 16-ஆவது தேர்வாக வந்து நின்றது. அந்த 16-ஐயும், தங்களுடைய 19-ஐயும், கடைசிச் சுற்றுகளில் ஒன்றையும் ரோஸ்மேன் செயின்ட்ஸிடம் கொடுத்தார். பதிலுக்கு 18, 101, 237 ஆகிய மூன்று இடங்களும், 2023-இன் முதல் சுற்றுத் தேர்வும், 2024-இன் இரண்டாம் சுற்றுத் தேர்வும் வந்தன. வந்த 18-ஐயும் 101-ஐயும் டென்னஸி டைட்டன்ஸிடம் கொடுத்து ஏ.ஜே. பிரவுனை வாங்கினார். 2023-இன் முதல் சுற்றுத் தேர்வு 10-ஆவது இடமாக அமைந்தது. ஓரிடம் முன்னேறி 9-இல் ஜேலன் கார்ட்டரை எடுத்தார். 2024-இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு, 40-ஆவது இடத்துக்கு ஏறிப்போய் கூப்பர் டிஜீனை எடுக்கக் கொடுத்த மூட்டையில் ஒன்று. 2025 பிப்ரவரி 9, சூப்பர் பௌல். அன்று டிஜீனுக்கு 22-ஆவது பிறந்தநாள். கான்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்தை இடையில் பறித்து 38 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். ஈகிள்ஸ் 40-22 என்று வென்றது. அந்த ஓட்டத்தை என் வீட்டுக் கூடத்தில் நின்றபடி பார்த்தபோது, மனதில் ஓடியது அந்த 3.38 கோடிதான்.

ஒரு ஜெனரல் மேனேஜரை அளக்க என்னிடம் இருக்கிற நல்ல அளவுகோல் இதுதான். தப்பு எல்லாரும் செய்வார்கள். செய்த தப்பை எத்தனை நாள் மூடி வைக்கிறார், விற்று எடுத்தால் என்ன மிஞ்சும் என்று எப்போது கேட்கிறார் என்று பாருங்கள். வென்ட்ஸுக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், 2020 டிராஃப்ட்டின் இரண்டாம் சுற்றில் ஹர்ட்ஸை எடுத்தார். ஊரே திட்டியது, நானும் திட்டினேன். 2024-இல் பிரைஸ் ஹஃப் என்பவரை மூன்று வருடத்துக்கு 5 கோடி டாலருக்கு மேல் பேசி எடுத்தார், அது சரிப்படவில்லை. சூப்பர் பௌல் அன்று ஹஃப் களமிறங்கும் பட்டியலிலேயே இல்லை. அடுத்த சீசன் தொடங்கும் முன் அவரை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். "இவ்வளவு கொட்டிவிட்டோம், இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம்" என்ற பேச்சு அங்கே எடுபடுவதில்லை. என் தொழிலில் அந்தப் பேச்சால் மூழ்கிய திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பாலத்துக்கான அடித்தளம் தவறான இடத்தில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும், கொட்டிய கான்கிரீட்டின் விலையை நினைத்து இன்னும் ஏழு மாதம் அதன் மேலேயே கட்டினார்கள்.

இனி அவ்வளவு உறுதியில்லாத பகுதி. டிராஃப்ட்டில் ஆள் பிடிப்பது திறமையா? கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள், தேலர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். ஒரே இடத்தில் ஆடுகிற இரண்டு பேரில், முதலில் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக வருவதற்கான வாய்ப்பு, நாணயத்தைச் சுண்டிவிடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று கண்டார்கள். அப்படியென்றால் ரேகர்-ஜெஃபர்சன் கதையை வைத்து ரோஸ்மேனைத் தூற்றுவதும், டிஜீனை வைத்துப் போற்றுவதும் ஒரே மாதிரி அவசரம்தான். ஒவ்வொரு தேர்வும் சுண்டிவிட்ட நாணயம் என்றால், அதிகம் தடவை சுண்டுகிறவருக்குத்தான் லாபம். இதில் ரோஸ்மேன் தெளிவாக இருக்கிறார். இன்றைய இடத்தை விற்று அடுத்த வருட இடங்களை வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருப்பார். 2021-இல் 6-ஆவது இடத்தை மயாமிக்குக் கொடுத்து 12-ஐயும் 2022-இன் முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கிக்கொண்டு, பிறகு 12-இலிருந்து 10-க்கு ஏறி டெவான்டா ஸ்மித்தை எடுத்தார்.

டிராஃப்ட் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு, லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2011 தொழிலாளர் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். 2010-இல் முதல் ஆளாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர் பேசினார்கள். அடுத்த வருடம் விதி மாறியது. முதல் ஆளாகத் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடி மட்டும். அதிலிருந்து புதுமுகங்கள்தான் இந்த லீக்கில் மிக மலிவான சரக்கு. கார்ட்டரின் முதல் நான்கு வருட ஒப்பந்தம் மொத்தமே 2.2 கோடியை ஒட்டித்தான். அவர் ஆடும் அதே இடத்தில் கான்சஸ் சிட்டியின் கிறிஸ் ஜோன்ஸ் 2024-இல் போட்ட ஒப்பந்தத்தில் ஒரே வருடத்துக்கு 3 கோடிக்கு மேல் வாங்குகிறார். மேலே பெரிய சம்பளக்காரர்கள் சிலர், கீழே மலிவான இளைஞர்கள் பலர் என்ற அமைப்பு இருக்கும்வரை கைமாற்று பிரச்சினையில்லை. கீழே வருகிறவர்கள் நின்றுபோனால்தான் செயின்ட்ஸ் நிலைமை வரும்.

யாருக்குப் பாராட்டு என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஏழாம் சுற்றில் எடுத்த மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர், இந்த ஆட்டத்தை அதற்கு முன் ஆடியதே இல்லை. அவரை லீக்கின் சிறந்த டேக்கிள்களில் ஒருவராக ஆக்கியதில் அப்போதைய லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லேண்டுக்கு எத்தனை பங்கு, எடுத்தவருக்கு எத்தனை பங்கு? சாக் பான் செயின்ட்ஸில் நான்கு வருடம் பெரும்பாலும் ஓரத்தில் இருந்தவர். 2024-இல் ஒரு வருடத்துக்கு 35 லட்சம் டாலருக்கு வந்தார். டிஃபென்ஸ் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ அவரைத் தடுப்பு வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்கும் உள் லைன்பேக்கராக இடம் மாற்றினார், அந்த வருடமே அவர் லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவில் இடம்பிடித்தார். என் கணிப்பு, ஃபாஞ்சியோ இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. ஆனால் ஃபாஞ்சியோவுக்குப் பொருந்தும் ஆள் என்று முன்கூட்டியே பார்த்து, அந்த விலைக்குப் பிடித்தது அலுவலகத்தின் வேலை. 2019, 2020 சறுக்கலுக்குப் பிறகு அலபாமா, ஜார்ஜியா போன்ற பெரிய கல்லூரி அணிகளில் ஆடியவர்களையே அவர் திரும்பத் திரும்ப எடுத்ததையும் பாடம் கற்றுக்கொண்டதன் அடையாளமாகவே நான் பார்க்கிறேன். ஸ்மித், டிக்கர்சன், ஜோர்டன் டேவிஸ், கார்ட்டர் என்று வரிசையாக வருகிறார்கள். அவர் மனதில் இருந்தது அதுதானா என்பதற்கு ஆதாரம் கிடையாது.

தள்ளிப்போட்ட பில் ஒருநாள் வருமா என்ற உங்கள் கேள்விக்கு: வரும், வந்துகொண்டேதான் இருக்கிறது, ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு பங்கைக் கட்டுகிறார்கள். 2025-இல் கோப்பையோடு திரும்பிய கையோடு ஜோஷ் ஸ்வெட், மில்டன் வில்லியம்ஸ் இருவரையும் போகவிட்டதும், சி.ஜே. கார்ட்னர்-ஜான்சனை ஹூஸ்டனுக்கு விற்றதும் அந்தக் கணக்கின் ஒரு பகுதிதான். டென்வர் அணி ரஸ்ஸல் வில்சனை நீக்கி, இரண்டு வருடத்தில் சுமார் 8.5 கோடி டாலர் டெட் மணியை ஏற்றது. ஆனாலும் 2024-இல் புதுமுகக் குவார்ட்டர்பேக்கோடு பிளேஆஃப் போனது. ஈகிள்ஸே வென்ட்ஸ் பாரத்தைச் சுமந்துகொண்டு 2021-இல் பிளேஆஃப் போனார்கள். ஆகவே டெட் மணி தொகையைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். நான் பயப்படுவது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, கேப் வளர்வது நிற்பது. 2021-இல் கோவிட் காரணமாக அது 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கியது, கைமாற்று வாங்கியிருந்த எல்லாருக்கும் ஒரே நாளில் மூச்சு முட்டியது. லீக்கின் தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் 2033 வரை 10,000 கோடி டாலருக்கும் மேல் இருப்பதால் அப்படி இன்னொரு வருடம் சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவில்லை. இன்னொன்று, 24 வயதில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் 29, 30-ஐத் தொடுவது. இதுதான் எனக்கு உண்மையான கவலை. ஹர்ட்ஸும் ஸ்மித்தும் டிக்கர்சனும் 1998-இல் பிறந்தவர்கள், மைலாட்டாவும் பிரவுனும் 1997.

நீங்களே பார்க்க விரும்பினால், மார்ச் இரண்டாம் வாரத்தில் ஓவர் தி கேப் அல்லது ஸ்போட்ராக் தளத்தில் ஈகிள்ஸ் பக்கத்தைத் திறங்கள். மேலே பெரிய எழுத்தில் இருக்கும் "கேப் இடம்" என்ற எண்ணை விட்டுவிடுங்கள், அது ஓர் இரவில் மாற்றக்கூடியது. கேப் கணக்கு பெரிதாக இருக்கும் முதல் பத்துப் பேரை எடுத்து, பக்கத்தில் பிறந்த வருடத்தை எழுதுங்கள். பிறகு முதல் ஒப்பந்தத்திலேயே இருக்கிற இளைஞர்களில் எத்தனை பேர் தொடக்க ஆட்டக்காரர்கள் என்று எண்ணுங்கள். இதற்கு அரைமணி நேரம் போதும். செயின்ட்ஸ் பக்கத்தையும் அதே மாதிரி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.